விசையின் திருப்பமும் காவிமுறையும்

பொருளொன்றின்மீது விசையொன்று தாக்கும்போது இருவகை விளைவுகள் தோன்றலாம். அப்பொருள் இடம்பெயர்தல் ஒன்று, திரும்புதல் மற்றொன்று. கதவொன்றை அதன் பிணைச்சலுக்கு அண்மையிற் கைவைத்துத் தள்ளுவோன் பெரிதும் முயலவேண்டும்; விளிம்பிற் கைவைத்துத் தள்ளுவோனுக்கு ஒரு விரலே போதும். அதே விளிம்பிற் கைவைத்துப் பிணைச்சலை நோக்கித் தள்ளினால், எவ்வளவு வலிமையோடு தள்ளினும் கதவு திரும்பாது. ஆகவே திருப்பும் ஆற்றலை விசையின் பருமன் மட்டும் தீர்மானிப்பதில்லை. விசை தாக்கும் இடமும் அதன் திசையும் உடன்சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இம்மூன்றையும் ஒருங்கே அளவிடும் கணியமே விசையின் திருப்பம் எனப்படும். தமிழகத்துப் பாடநூல்கள் இதனைத் திருப்புத்திறன் என வழங்கும்.

நிலையியலைப் பயிலத் தொடங்கும் மாணவன் இதற்கு எளியதொரு விதியைக் கற்கிறான். விசையின் பருமனை, குறித்த புள்ளியிலிருந்து விசையின் தாக்கக்கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரத்தாற் பெருக்கினால் அப்புள்ளி பற்றிய திருப்பம் கிடைக்கும் என்பதே அவ்விதி. இது முற்றிலுஞ் சரியானது. ஆயினும், தாளிலே வரையத்தக்க தளவுருவங்களுக்கே எளிதிற் பயன்படுவது. விசைகள் ஒரே தளத்தில் அமையாது பல திசைகளிலுஞ் செல்லும்போது, அச்செங்குத்துத் தூரத்தைக் கண்டறிவதே பெரும் உழைப்பாகிவிடும். திருப்பம் இடஞ்சுழியா, வலஞ்சுழியா என்னும் வினாவும் நிலையான பொருளை இழந்துவிடும். ஒருபுறம் நின்று நோக்குவோனுக்கு இடஞ்சுழியாய்த் தோன்றுவது மறுபுறம் நிற்போனுக்கு வலஞ்சுழியாய்த் தோன்றுமன்றோ?

இவ்விடர்களைக் காவிமுறை நீக்குகின்றது. எனினும் அதனை விடைகாணுங் குறுக்குவழியாக மட்டுங் கருதுதல் பொருந்தாது. திருப்பம் என்பது எத்தன்மைத்து, எதனால் அதனை ஈடுசெய்யலாம், எதனால் ஈடுசெய்ய இயலாது என்பவற்றையும் அம்முறை புலப்படுத்துகின்றது. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் முன்னர் எங்கும் காணப்பட்ட துலாவைக்கொண்டு இதனை விளக்கலாம்.

துலாவின் சமநிலை

கிணற்றருகே நாட்டிய இரு ஆடுகால்களுக்கு இடையே, குறுக்காக அச்சுலக்கை பொருந்தியிருக்கும். அதனை அச்சாகக்கொண்டு மேலுங்கீழும் ஆடும் நீண்ட மரமே துலா. கிணற்றை நோக்கிய அதன் முனையிலே கொடி தொங்கும்; கொடியின் அடியிலே பட்டை கட்டப்பட்டிருக்கும். துலாமிதிப்பவர் மரத்தின்மேல் ஏறிநின்று கிணற்றை நோக்கி நடந்தால் பட்டை தாழும். பின்னோக்கி நடந்தால் நீர் நிறைந்த பட்டை மேலெழும். நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவியபின் துலாக்கள் அருகிவிட்டன. இன்றைய மாணவருட் பலர் அதனைக் கண்டிரார். ஆயினும் நெம்பின் தத்துவத்தை இதனினுந் தெளிவாகக் காட்டுங் கருவி பிறிதில்லை. துலா என்னுஞ் சொல்லே தராசைக் குறிப்பதாகும்.

துலா கிடையாக நிற்கின்றது எனக் கொள்க. அச்சுலக்கையிலிருந்து 4 மீற்றர் தூரத்திலுள்ள முனையில், நீரும் பட்டையுஞ் சேர்ந்து 250 நியூற்றன் நிறை தொங்குகின்றது. மிதிப்பவரின் நிறை 500 நியூற்றன். துலாவின் சொந்த நிறையையும் அச்சின் உராய்வையும் கணக்கிற் சேர்க்காதுவிட்டால், மிதிப்பவர் அச்சுக்குப் பின்னே 2 மீற்றர் தூரத்தில் நிற்கும்போது இருபுறத் திருப்பங்களும் தனித்தனி 1000 நியூற்றன் மீற்றராகிச் சமநிலை உண்டாகும். அவர் மேலும் 0.3 மீற்றர் பின்வாங்கினால் அவருடைய திருப்பம் 1150 ஆகும். எஞ்சிய 150 நியூற்றன் மீற்றர் திருப்பம் பட்டையை உயர்த்தத் தொடங்கும். கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கப் பேரறிஞர் ஆர்க்கிமிடீஸ் நிறுவிய நெம்பு விதி இதுவே. இதுகாறும் காவிகளுக்குத் தேவை எழவில்லை. விசைகள் யாவும் ஒரே தளத்தில் இருந்தமையே காரணம்.

காவியும் குறுக்குப்பெருக்கமும்

பருமன் மட்டுமுடைய கணியம் எண்ணி. பருமனோடு திசையுமுடையது காவி. தமிழகத்தார் காவியைத் திசையன் என்பர். காவுதல் என்பது சுமந்துசெல்லுதல் ஆகும். மேனாட்டுச் சொல்லின் இலத்தீன் மூலத்திற்கும் சுமந்துசெல்வது என்பதே பொருள். எனவே ஈழத்து வழக்கு அச்சொல்லின் மூலப்பொருளை நன்கு பேணியுள்ளது எனலாம்.

காவிகளைப் பெருக்கும் முறை ஒரே நாளிற் பிறந்ததன்று. அயர்லாந்துக் கணித அறிஞர் ஹமில்ற்றன் 1843ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16ஆம் நாள், தாம் கண்ட நான்கு கூறுடைய எண்களின் பெருக்கல் விதியை டப்ளின் நகரத்துப் பாலமொன்றின் கல்லிற் பொறித்தார் என்பது வரலாறு. அவ்வெண்களின் பெருக்கத்துள் இருவேறு பெருக்கங்கள் ஒன்றாய்க் கலந்திருந்தன. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திற் கற்பித்த கிப்ஸ் அவற்றைப் பிரித்து, 1881ஆம் ஆண்டிலும் 1884ஆம் ஆண்டிலும் தம் மாணவர்க்கென அச்சிட்ட நூலில் எண்ணிப்பெருக்கம், காவிப்பெருக்கம் என இரண்டாக அமைத்தார். இங்கிலாந்தில் ஹெவிசைட் என்பாரும் தனித்து முயன்று அதே முடிபை எய்தினார். காவிப்பெருக்கத்தைக் குறுக்குப்பெருக்கம் எனவும் வழங்குவர்.

இரு காவிகளின் குறுக்குப்பெருக்கம் மற்றொரு காவியாகும். அதன் பருமன், அவ்விரு காவிகளையும் அயற்பக்கங்களாகக்கொண்ட இணைகரத்தின் பரப்பளவு. அதன் திசை, அவ்விரண்டுக்குஞ் செங்குத்தானது. செங்குத்துத் திசைகள் இரண்டனுள் எது என்பதை வலக்கை விதி தீர்மானிக்கும். முதற் காவியிலிருந்து இரண்டாங் காவிக்கு வலக்கை விரல்களை மடக்கினால் பெருவிரல் காட்டுவதே அத்திசை. எனவே பெருக்கும் ஒழுங்கை மாற்றினால் விடையின் குறி மாறிவிடும். ஒன்றுக்கொன்று சமாந்தரமான காவிகளைப் பெருக்கினால் விடை பூச்சியமாகும்.

ம என்னும் புள்ளி பற்றித் திருப்பங் காணவேண்டும் எனக் கொள்க. மவிலிருந்து விசையின் தாக்கக்கோட்டிலுள்ள யாதேனுமொரு புள்ளிக்கு வரையப்படும் தானக்காவியைத் ‘த’ எனவும், விசையை ‘வி’ எனவும், திருப்பத்தைத் ‘தி’ எனவுங் குறித்தால்,

தி = த × வி

ஆகும். இதன் பருமன், தவின் நீளம், வியின் பருமன், இடைக்கோணத்தின் சைன் ஆகிய மூன்றின் பெருக்கம். தவின் நீளத்தைக் கோணத்தின் சைனாற் பெருக்கினாற் கிடைப்பது மவிலிருந்து தாக்கக்கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரமேயன்றிப் பிறிதன்று. ஆகவே பழைய விதி இதனுள் அடங்கியிருக்கின்றது. புதிதாகச் சேர்ந்தது திசையே. பொருள் எவ்வச்சைச் சுற்றித் திரும்ப முற்படுகின்றது என்பதை அத்திசை தெரிவிக்கும்.

தாக்கக்கோட்டிலுள்ள ‘யாதேனுமொரு புள்ளி’ என்றது ஏன்? கோட்டிலுள்ள வேறொரு புள்ளியை எடுத்தால் தானக்காவி த + எ வி என்னும் வடிவம் பெறும். எ என்பது ஓரெண். வியோடு வியைக் குறுக்கே பெருக்கினால் விடை பூச்சியமாதலின், புதிய பகுதி மறைந்துவிடும், திருப்பம் மாறாது. செங்குத்து அடியைத் தேடும் உழைப்பு இதனாலேயே அற்றுப்போகின்றது. ஆள்கூறுகள் எளிதிற் கிடைக்கும் புள்ளி எதுவோ அதனையே எடுத்துக்கொள்ளலாம்.

கூறுகளாற் கணித்தல்

ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளிலே அ, இ, உ என அலகுக் காவிகளை அமைத்தால்,

அ × இ = உ, இ × உ = அ, உ × அ = இ

என வரும், ஒழுங்கை மாற்றின் குறி மாறும். தானக்காவியின் கூறுகள் முறையே ப, ர, ல எனவும், விசையின் கூறுகள் ச, ட, ந எனவும் இருப்பின், விரித்துப் பெருக்கும்போது

தி = (ர ந − ல ட) அ + (ல ச − ப ந) இ + (ப ட − ர ச) உ

என்னுங் கோவை பெறப்படும். இதனை மூன்று நிரைகளையுடைய துணிகோவையாகவும் எழுதுவர். முதல் நிரையில் அலகுக் காவிகளும், இரண்டாவதிலே தானக்காவியின் கூறுகளும், மூன்றாவதிலே விசையின் கூறுகளும் அமையும்.

இனித் துலாவுக்கு மீளலாம். அச்சுலக்கையின் நடுப்புள்ளி ம ஆகுக. கிணற்றை நோக்கிய கிடைத்திசை அ. கிணற்றை நோக்கி நிற்போனது இடக்கைப் புறமாக அச்சுலக்கை வழியே செல்லுந் திசை இ. மேனோக்கிய திசை உ. முன்னைய உதாரணத்தில் தானக்காவி 4அ, விசை −250உ. இவற்றின் பெருக்கம் −1000 (அ × உ), அதாவது +1000இ ஆகும். மிதிப்பவருக்கு −2அ, −500உ என்பவற்றின் பெருக்கம் −1000இ. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதைக் குறிகளே காட்டுகின்றன. இடஞ்சுழி, வலஞ்சுழி என்னுஞ் சொற்களுக்கு இங்கு வேலையில்லை.

அடுத்து, தளத்துள் அடங்காத நிலையொன்றை நோக்குக. துலாவின் முன்முனை உயர்ந்து நிற்கின்றது. முனை க என்னும் புள்ளியின் ஆள்கூறுகள் (4, 0, 3). எனவே அச்சிலிருந்து முனைவரை நீளம் 5 மீற்றர். பட்டை கட்டாத கொடியை, கிணற்றுக்கு நேரே நில்லாது ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும் ஒருவர் பற்றி இழுக்கிறார். அவர் கை இருக்கும் புள்ளி ய. ஆள்கூறுகள் (6, 3, −3). கொடியின் இழுவை 210 நியூற்றன். ம பற்றி இவ்விசையின் திருப்பம் யாது?

முதலில் விசையைக் காவியாக எழுதவேண்டும். கவிலிருந்து யவுக்குச் செல்லுங் காவி 2அ + 3இ − 6உ. 4, 9, 36 என்பவற்றின் கூட்டுத்தொகை 49 ஆதலின் அதன் நீளம் 7 மீற்றர். 210ஐ 7ஆற் பிரிக்க 30 வரும். ஆகவே விசை,

வி = 60அ + 90இ − 180உ

தானக்காவி 4அ + 3உ. கோவையிற் பிரதியிட்டால் முதற்கூறு 0 − 3 × 90 = −270; இரண்டாங்கூறு 3 × 60 + 4 × 180 = 900; மூன்றாங்கூறு 4 × 90 − 0 = 360. எனவே,

தி = −270அ + 900இ + 360உ

நியூற்றன் மீற்றர் ஆகும். இதன் பருமன் ஏறத்தாழ 1006. அதனை 210ஆற் பிரித்தால் செங்குத்துத் தூரம் ஏறக்குறைய 4.79 மீற்றர் என வரும். பழைய முறையில் முதலிலே தேடவேண்டியிருந்த தூரம், இங்கே இறுதியில் வேண்டுமாயிற் பெறத்தக்கதாய் நிற்கின்றது. கவுக்குப் பதிலாக யவின் தானக்காவி 6அ + 3இ − 3உ என்பதைக்கொண்டு கணித்தாலும் இதே மூன்று எண்களே வருவதை மாணவர் தாமே செய்து காண்பாராக.

விடையின் பொருள்

மூன்று எண்களை எழுதிமுடித்ததும் கணக்கு முடிந்துவிட்டது என எண்ணுதல் கூடாது. ஒவ்வோரெண்ணும் ஒவ்வொரு செய்தியைக் கூறுகின்றது. நடுவிலுள்ள 900, அச்சுலக்கையைச் சுற்றிய திருப்பம். துலாவின் முன்முனையைத் தாழ்த்த முயல்வது அதுவே. 360 என்பது நிலைக்குத்துத் திசையைச் சுற்றியது. துலாவை இடப்புறமாக வளைத்துத் திருப்ப முயல்வது. −270 என்பது முன்பின் திசையைச் சுற்றியது. துலாவையும் அதனைத் தாங்கும் ஆடுகால்களையும் பக்கவாட்டிற் சரிக்க முயல்வது.

துலாமிதிப்பவர் இதற்கு என்ன செய்யலாம்? அவருடைய 500 நியூற்றன் நிறை நேரே கீழ்நோக்கியது. அவர் நிற்பதோ துலாவின்மேல். இவ்விரண்டிலும் இத்திசைக் கூறு இன்மையால், அவர் உண்டாக்குந் திருப்பம் முழுவதும் இத்திசையிலேயே அமையும். அச்சுக்குப் பின்னே கிடைத்தூரம் 1.8 மீற்றரில் நின்றால் −900இ என்னுந் திருப்பம் பெறப்பட்டு முன்முனை அசையாது நிற்கும். ஆனால் மற்றை இரு கூறுகளையும் அவரால் எள்ளளவும் ஈடுசெய்ய இயலாது. அவர் மரத்தில் எங்கு நின்றாலும், எவ்வளவு நிறையுடையவராயினும், அவை அவ்வாறே எஞ்சிநிற்கும். அவ்விரு கூறுகளும் சேர்ந்த பருமன் 450 நியூற்றன் மீற்றர். விசையின் பக்கக்கூறான 90ஐத் துலாவின் நீளமான 5 மீற்றராற் பெருக்கினாலும் இதே 450 வருதல் கவனிக்கத்தக்கது. இதனை முழுவதுந் தாங்கவேண்டியவை ஆடுகால்களும் அச்சுலக்கையுமே.

கொடியை இழுப்பவர் துலாவின் தளத்திலேயே நின்றிருப்பின் விசைக்கு இத்திசைக் கூறு இராது. அப்போது 270, 360 என்னும் இரு கூறுகளும் மறைந்துவிடும். நேரே நின்று இழுத்தல் வேண்டும் என்னும் நடைமுறை அறிவுக்குரிய காரணத்தை இக்கணக்கு எண்களாற் காட்டுகின்றது. பக்கவாட்டில் இழுப்பதனால் அச்சு தேய்வதும் ஆடுகால் தளர்வதும் தற்செயலானவையல்ல. பருமன் 1006 என்னும் ஒரே எண்ணை மட்டுங் கண்டறிந்து நிறுத்துவோனுக்கு இவ்வுண்மை தோன்றாது.

ஒரு தேற்றமும் ஒரு விதியும்

பிரான்சிய அறிஞர் வரிஞ்ஞோன் (1654–1722) பெயரால் வழங்கும் தேற்றமொன்றுண்டு. ஒரு புள்ளியிற் சந்திக்கும் விசைகளின் விளையுள் யாதேனுமொரு புள்ளி பற்றி உண்டாக்குந் திருப்பம், அவ்விசைகள் தனித்தனியே உண்டாக்குந் திருப்பங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்பது அது. முக்கோணங்களின் பரப்பளவுகளைக்கொண்டு இதனை நிறுவும் பழைய முறை சற்று நீண்டது. காவிமுறையிலோ, விசைகள் யாவும் ஒரே புள்ளியிற் சந்திப்பதால் எல்லாவற்றுக்குந் தானக்காவி த ஒன்றே. தவை ஒவ்வொரு விசையோடும் பெருக்கிக் கூட்டுவதும், விசைகளைக் கூட்டியபின் தவோடு பெருக்குவதும் ஒன்றே என்னும் பரம்பல் விதியே இத்தேற்றம். மேற்கண்ட கணக்கிலே விசையை மூன்று கூறுகளாகப் பிரித்துத் திருப்பம் கண்டபோது இத்தேற்றமே பயன்பட்டது.

திருப்பம் எப்புள்ளி பற்றியது என்பதை எப்போதும் குறிப்பிடவேண்டும். புள்ளி மாறின் திருப்பமும் மாறும். புதிய புள்ளியிலிருந்து பழைய புள்ளிக்குச் செல்லுங் காவியை விசையோடு குறுக்கே பெருக்கிப் பழைய திருப்பத்தோடு கூட்டினால் புதியது கிடைக்கும். இதிலிருந்து முக்கியமானதொரு முடிபு பிறக்கின்றது. பருமனிற் சமமும் திசையில் எதிருமான இரு சமாந்தர விசைகள் சேர்ந்த இணைக்கு மொத்த விசை பூச்சியம். ஆதலின் கூட்டவேண்டிய பகுதியும் பூச்சியமாகும். எனவே இணையின் திருப்பம் எப்புள்ளி பற்றியும் ஒன்றே. விறைப்பான பொருளொன்று சமநிலையில் இருப்பதற்கு, அதன்மீது தாக்கும் விசைகளின் கூட்டுத்தொகையும், யாதேனுமொரு புள்ளி பற்றி அவற்றின் திருப்பங்களின் கூட்டுத்தொகையும் பூச்சியமாதல் வேண்டும். அவ்வாறாயின் ஏனைய எல்லாப் புள்ளிகள் பற்றியும் திருப்பம் தானே பூச்சியமாகிவிடும்.

வழுக்களும் அவற்றைக் காணும் வழியும்

இக்கணக்கில் நேரும் வழுக்கள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, தானக்காவியைத் தவறாக எடுத்தல். அது திருப்பங் காணவேண்டிய புள்ளியிலிருந்து தொடங்கித் தாக்கக்கோட்டில் முடிதல் வேண்டும். மேற்காட்டிய கணக்கிலே கவிலிருந்து யவுக்குச் செல்லுங் காவியையே தானக்காவி எனக் கொள்வாருமுளர். அது விசைக்குச் சமாந்தரமாதலின் விடை பூச்சியமாக வரும். இழுக்கப்படுந் துலா திரும்ப முற்படாது என அது கூறுமாதலின் வழு உடனே வெளிப்படும்.

இரண்டாவது, துணிகோவையை விரிக்கும்போது நடுக்கூறின் குறியை மறத்தல். இதனைக் கண்டறிய நல்லதொரு சோதனையுண்டு. திருப்பம் விசைக்குச் செங்குத்தானது. எனவே அவ்விரண்டின் எண்ணிப்பெருக்கம் பூச்சியமாதல் வேண்டும். மேற்கண்ட விடைக்கு −16,200 + 81,000 − 64,800 என்பது பூச்சியமே. நடுக்கூறு −900 என எழுதப்பட்டிருப்பின் இத்தொகை பூச்சியமாகாது.

மூன்றாவது, விசையை முன்னும் தானக்காவியைப் பின்னும் வைத்துப் பெருக்குதல். அப்போது மூன்று கூறுகளின் குறிகளும் ஒருங்கே மாறும். இவ்வழுவை முற்கூறிய சோதனை காட்டிக்கொடாது. ஏனெனில் எதிர்த்திசைக் காவியும் விசைக்குச் செங்குத்தானதே. இங்கே உதவுவது பொருளின் இயல்பை நோக்குதல் ஒன்றே. கீழ்நோக்கி இழுக்கப்படும் முனை மேலெழும் என விடை கூறுமாயின் அவ்விடை தவறு. வலக்கையின் பெருவிரலை இத்திசையிலே நீட்டி, விரல்கள் எப்புறம் மடங்குகின்றன என ஒருமுறை நோக்கினால் ஐயம் தீரும்.

ஆதலாற் கோவையை மனனஞ் செய்தல் இக்கலையின் தொடக்கமேயன்றி முடிவன்று. எப்புள்ளி பற்றி, எவ்விசையினால், எவ்வச்சைச் சுற்றி என்னும் மூன்று வினாக்களைக் கணக்கின் முன்னே கேட்டு, கிடைத்த எண்களைக் கணக்கின் பின்னே பொருளோடு பொருத்திப் பார்க்கும் மாணவனுக்கே காவிமுறை முழுப்பயனையும் தரும். துலா தோட்டங்களிலிருந்து மறைந்திருக்கலாம். பாரந்தூக்கி, பாலம், இயந்திரக் கை ஆகிய யாவற்றிலும் அதே மூன்று கூறுகள் இருந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுள் எதனை இயக்குவோன் ஈடுசெய்வான், எதனைத் தாங்குங்கால் சுமக்கும் என்பதை முன்னரே அறிந்து அமைப்பதிலேதான் அவற்றின் உறுதி தங்கியிருக்கின்றது.